ட்ரீனாவின் மூக்கு

மலையேற்றத்தில் இழுவை பட்டனை அமுக்காமல் வண்டி ஓட்டுகிறவர்களை மார்லிஸ் மனிதர்களாகவே மதிக்க மாட்டாள். கியர் லீவரின் நுனியில், கட்டைவிரலுக்கு வாகாக இருக்கிறது அந்தப் பட்டன். பின்னால் டிரெய்லரும் அதற்குள் இரண்டு குதிரைகளும் இருக்க, முன்னால் ரோடு செங்குத்தாக நிமிரும்போது அதை அமுக்கினால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குப் புத்தி வரும். சின்ன கியரைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் விடாமல் ஏறும். இறங்கும்போதும் அதே கியரில் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அமுக்காவிட்டால் அது தன் பாட்டுக்குப் பெரிய கியருக்குத் தாவும், பாரம் தாங்காமல் கீழே வரும், மறுபடியும் தாவும். இந்தத் தாவலில் உள்ளே இருக்கும் ஆயில் கொதித்துக் கருகிவிடும். கருகின பிறகு கியர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். இதையெல்லாம் அவள் ட்ரீனாவிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பட்டன்மேல வச்சிருக்கற அக்கறையில பாதிய உன் புருஷன்மேல வச்சிருந்தா அவன் ஓடியிருக்க மாட்டான்டி" என்பாள் ட்ரீனா.

"அவன் மலை ஏற மாட்டான்டி. சமதரையிலயே மூச்சு வாங்குவான்" என்பாள் மார்லிஸ்.

இருவரும் பீப்பாய் ஓட்டக்காரிகள். மைதானத்தில் மூன்று பீப்பாய்கள் நிற்கும். குதிரை அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடி வர வேண்டும். கடிகாரம் யாரைச் சீக்கிரம் வந்தாள் என்கிறதோ அவள் ஜெயித்தாள். ஜூலை பிறந்தால் வயோமிங்கிலும் மொன்டானாவிலும் ஊருக்கு ஊர் ரோடியோ என்கிற குதிரைப் போட்டித் திருவிழா. ஒரு மைதானத்துத் தூசியைத் தட்டுவதற்குள் அடுத்த மைதானம் கூப்பிடும். தனியாளாக அந்த அலைச்சலைச் சமாளிக்க முடியாது. அதனால் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். வண்டியும் டிரெய்லரும் சட்டியும் பொது. ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பின்சீட்டில் தூங்குவாள். மைதானத்துக்குள் போனால் மட்டும் நீ வேறு, நான் வேறு. வழித்துணையாக வருகிறவளைப் புருஷனைவிட ஒரு படி மேலே வைத்துத்தான் அங்கே பேசுவார்கள். வண்டி மார்லிஸுடையது, டிரெய்லரும் அவளுடையது. ட்ரீனா கொண்டு வந்தது ரேடார் என்ற குதிரையையும், வாயையும், ஒரு மூக்கையும்.

மூக்கு என்றால் வேடிக்கையில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் மார்லிஸின் மோப்ப சக்தியைக் கொண்டு போனது, திருப்பித் தரவில்லை. காபி வெறும் வெந்நீராகிவிட்டது, போகட்டும். ஆனால் அவளுடைய பிழைப்பு, ஊரார் குதிரைக்குட்டிகளை வாங்கி வைத்துச் சேணத்துக்குப் பழக்குவது. பூஞ்சை பிடித்த வைக்கோல் ஒரு கட்டு போதும், குதிரை வயிறு உப்பிச் சாகும். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிய வேண்டும். மார்லிஸுக்கு மூக்கு செத்துப்போச்சு என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாளிலிருந்து அவள் கொட்டிலுக்கு யாரும் குதிரை அனுப்ப மாட்டார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை, ட்ரீனாவைத் தவிர.

அன்றிலிருந்து ட்ரீனாதான் அவளுக்கு மூக்கு. வைக்கோல் கட்டைப் பிரித்தால் முதல் பிடியை எடுத்து மோந்து பார்ப்பாள். குளம்பைத் தூக்கி மோப்பாள். பால் டப்பாவை மோப்பாள். மலை ஏறுகிற நாளானால் கியர்பாக்ஸ் ஆயில் ஸ்டிக்கை உருவி, நிறம் பார்த்து, கருகல் வாடை வருகிறதா என்று மோந்தும் பார்ப்பாள். "நல்லாதான் இருக்கு" என்று அவள் சொல்லிவிட்டால் மார்லிஸுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது. ஒருமுறைகூட அவள் மூக்கு தப்பியதில்லை. கேட்டால் அலுத்துக்கொண்டதும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரம் அவர்கள் மொன்டானாவிலிருந்து இறங்கி வந்தார்கள். வழியில் ஒரு மலை. மார்லிஸுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்ததால், மாத்திரை போட்டுக்கொண்டு பின்சீட்டில் சுருண்டுவிட்டாள். ஓட்டியது ட்ரீனா. மாலை ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவளுக்கு ஒரே பறப்பு. மார்லிஸ் ஒருதரம் கண் திறந்தபோது வண்டி மலை உச்சியில் ஓரங்கட்டி நின்றிருந்தது, பானெட் திறந்திருந்தது. என்னடி என்று கேட்டதற்கு, கண்ணாடி கழுவுகிற தண்ணீர் தீர்ந்துவிட்டது, நீ தூங்கு என்று பதில் வந்தது. அவள் தூங்கினாள். தூங்கினதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. வழித்துணை என்று ஒருத்தியை வைத்துக்கொள்வதே தூங்குவதற்குத்தானே.

மறுநாள் காலை, பிக்ஹார்ன் மலையின் கிழக்கு அடிவாரத்தில், மைதானத்துக் கொட்டகையில் ட்ரீனா ஒரு புதுக் கதையோடு வந்தாள். ரேடாரின் பின்னங்கால் சூடாக இருக்கிறதாம். ஹாஸ்கெல் வீட்டு டிரெய்லருக்குக் காற்றுத் துருத்தி வைத்திருக்கிறார்கள், குலுங்காது, அதில் ஏற்றிக்கொண்டு நானும் கூடவே போகிறேன் என்றாள். வெர்லின் ஹாஸ்கெலும் அவர் மனைவி டொராத்தாவும் பெரிய பண்ணைக்காரர்கள், பழக்கமானவர்கள். இலையுதிர் காலத்தில் நான்கு குட்டிகளை மார்லிஸிடம் பழக்கத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு அவளுக்கு அதுதான் சோறு.

மார்லிஸ் குனிந்து ரேடாரின் காலைத் தடவிப் பார்த்தாள். "என் கைக்கு ஒண்ணும் தெரியலியே."

"உன் கைக்குத் தெரியாது. என் குதிரைய எனக்குத் தெரியும்" என்றாள் ட்ரீனா. அவள் பேச்சில் வழக்கமான கிண்டல் இல்லை. முந்தின மாலை ஓட்டத்தில் பீப்பாயை இடித்துத் தள்ளிய கோபமாக இருக்கும் என்று மார்லிஸ் விட்டுவிட்டாள்.

அடுத்த ஓட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கோடி என்ற ஊரில். புறப்படும் முன், எதிரே மலை இருக்கிறதே, ஆயிலைப் பார்த்துவிடு என்று கேட்டுக்கொண்டு, மார்லிஸ் பென்னிக்குத் தண்ணீர் காட்டப் போனாள். பென்னி அவளுடைய செம்பு நிறப் பெண்குதிரை. பிறந்த ஈரம் காய்வதற்குள் அதைத் துடைத்து எடுத்தவள் அவள்தான். திரும்பி வந்தபோது ட்ரீனா ஸ்டிக்கை உருவித் துடைத்து முடித்திருந்தாள். துடைத்த துணியைத் தன் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"நல்லாதான் இருக்கு. நீ முன்னால போ. நாங்க மூட்டை கட்டிட்டு வரோம்."

மார்லிஸ் கிளம்பினாள். ரோடு நிமிர்ந்ததும் கட்டைவிரலால் பட்டனை அமுக்கினாள். அந்த நாட்டில் வண்டியை மலையில் காதால்தான் ஓட்டுவார்கள். எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் க்ஷேமம். அன்று சுருதி சேரவில்லை. வளைவில் வேகம் குறைந்தபோது கியர் கீழே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் எஞ்சின் ஒரு விநாடி அந்தரத்தில் உறுமியது, பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் கியர் விழுந்தது. வழக்கமாகப் பாதியில் நிற்கும் சூட்டு முள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அகலமான ஓரம் ஒன்று வந்ததும் நிறுத்தினாள். கியரை விலக்கி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, முள் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஸ்டிக்கை உருவிப் பார்த்தாள். நிறம் கொஞ்சம் மங்கின சிவப்பாக இருந்தது. வெயிலில் பார்ப்பதாலோ என்னவோ. பழைய பழக்கத்தில் மூக்கருகே கொண்டு போனாள். வழக்கம்போல வெறும் காற்று. அங்கேயே திரும்பியிருக்கலாம். அவள் காது வேண்டாம் என்றது, கை வேண்டாம் என்றது, முள்ளும் வேண்டாம் என்றது. ஆனால் காலையில்தான் ட்ரீனா மோந்து பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள். தன் காதைவிட அவள் மூக்கை நம்பி வண்டியை எடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நமக்குத்தான் வயிறு எரிகிறது.

எப்படியோ உச்சி வந்தது. அங்கிருந்து மேற்கே ஒரே இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. கனரக வண்டிகள் சின்ன கியரில் இறங்கவும் என்று பலகை. அவள் இரண்டாவது கியரில் போட்டாள். எஞ்சின் முனகியபடி வண்டியை இழுத்துப் பிடித்தது. பிரேக்கில் கால் வைக்கவே தேவைப்படவில்லை. அப்பாடா, நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் முனகல் நின்றது.

எஞ்சின் அணையவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல் அடங்கிப்போனது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் அடிமட்டத்துக்கு விழுந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் டேஷ்போர்டில் இரண்டு என்ற எண் அப்படியே எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அந்த இரண்டுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிட்டது. வண்டி முன்னால் ஓடியது. பின்னால் டிரெய்லர் தள்ளியது. முதலாவதுக்கு இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள். டிரெய்லர் பிரேக்கின் சின்னக் கைப்பிடியை விரலால் நெருக்கினாள். வேகம் கொஞ்சம் குறைந்து, விட்டதும் இரட்டிப்பாக ஏறியது. கண்ணாடியில் டிரெய்லர் சக்கரத்திலிருந்து புகை கிளம்புவது தெரிந்தது. பிரேக் எரிகிற நாற்றம் வண்டி முழுக்க நிறைந்திருக்க வேண்டும். அவளுக்கு அது வெறும் படம். பின்னால் பென்னி கால் மாற்றி மாற்றித் தகரத்தை உதைப்பது முதுகெலும்பில் கேட்டது.

பிரேக் மிதி தரைவரை போனது. அப்போது வலது பக்கம், ரோட்டிலிருந்து பிரிந்து மேட்டை நோக்கிப் போகும் சரளைப் பாதை தெரிந்தது. பிரேக் போன லாரிகளுக்காகப் போட்டு வைத்தது. திருப்பினால் டிரெய்லர் குப்புற விழலாம். திருப்பாவிட்டால் அடுத்த வளைவில் இரண்டு பேரும் பள்ளத்தில். பென்னி, நின்னுக்கோடி கண்ணு, என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் திருப்பினாள்.

சரளை சக்கரத்தை விழுங்கியது. முன்கண்ணாடி முழுக்கக் கல்மழை. டிரெய்லர் ஒரு பக்கமாக வாரியடித்து, சாய்ந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, நின்றது.

இறங்கி ஓடி, டிரெய்லர் கதவைத் திறந்தாள். பென்னி முழங்காலில் விழுந்து எழுந்திருந்தது. கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிந்தது. உடம்பெல்லாம் வேர்வை. ஆனால் நான்கு காலிலும் நின்றது. மார்லிஸ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத் தலையைத் தூக்கியபோதுதான் பக்கத்து இடத்தைப் பார்த்தாள். தடுப்புக் கம்பி அந்தப் பக்கமாக வளைந்து போயிருந்தது. ரேடார் நிற்கிற இடம்; காலி.

ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. திறந்த பானெட், தீர்ந்துபோன கண்ணாடித் தண்ணீர், கைக்குத் தெரியாத கால் சூடு, பைக்குள் போன துணி, எல்லாம் வரிசையாகத் தாமாகவே வந்து நின்றன. பட்டனை அமுக்காமல் மலை ஏறிக் கியர்பாக்ஸைக் கருக்கியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இரும்புதானே, யாரும் கருக்கலாம். தன் குதிரையை இறக்கிக்கொண்டாள். இறக்கிக்கொண்டு, நீ போ என்றாள். அந்த 'போ' தான் மார்லிஸின் நெஞ்சில் போய்த் தைத்தது.

மலையில் குதிரை டிரெய்லர் நின்றிருந்தால் எந்தக் குதிரைக்காரரும் தாண்டிப் போக மாட்டார். ஹாஸ்கெலின் வண்டி கொஞ்ச நேரத்தில் மேலிருந்து வந்தது, ரோட்டோரம் நின்றது. கிழவர் வெர்லின் இறங்கினார், டொராத்தா இறங்கினாள், ட்ரீனா எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தாள். ஓடி வந்தவள் முதலில் பார்த்தது மார்லிஸை அல்ல, பென்னியையும் அல்ல. வண்டியின் அடியில் என்ன சொட்டுகிறது என்று பார்த்தாள்.

டொராத்தா பென்னியின் காயத்தைத் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். வெர்லின் பானெட்டைத் தூக்கி ஸ்டிக்கை உருவினார். மூக்கருகே கொண்டு போகும் முன்பே முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா மார்லிஸ், இது இன்னிக்குக் கருகினதில்ல. பழசு கருகி, அதுக்கு மேல புதுசு ஊத்தியிருக்கு. ஏறும்போதே நாறியிருக்குமே. எப்படி இத வச்சுக்கிட்டு இறங்கின?"

மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் ட்ரீனா முந்திக்கொண்டாள்.

"அதத்தான் நானும் கேக்கறேன். உனக்கு வாடை வரலியாடி? அரை மைலுக்கு அடிச்சிருக்குமே. நீ எப்படிக் கவனிக்காம விட்ட?"

சொல்லும்போது மார்லிஸின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஹாஸ்கெல் தம்பதி பக்கத்தில் நிற்கிறார்கள், நான்கு குட்டிகள் இருக்கின்றன. மார்லிஸ் வாயைத் திறக்க மாட்டாள். கவனக்குறைவு என்ற பெயரோடு இது போய்விடும். எல்லாவற்றையும் பூசி மெழுகிக்கொண்டு கோடி ஊருக்குப் போய் ஓட்டத்தில் சேர்ந்துவிடலாம். மார்லிஸ் நம்பிச் சொன்ன ரகசியத்தை எடுத்து அவள் வாய்க்கே அடைப்பாக வைத்தாள் அவள் தோழி.

வேறு யாராக இருந்தாலும், ஆமாம், கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். சோறு பெரிது. மார்லிஸும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றாள்.

பிறகு, ட்ரீனாவிடம் இல்லை, கிழவரிடம் சொன்னாள்.

"எனக்கு வாடையே தெரியாதுங்க, மிஸ்டர் ஹாஸ்கெல். ரெண்டு வருஷமாச்சு. காய்ச்சல்ல போயிடுச்சு. வைக்கோல், தீவனம், ஆயில், எல்லாத்தையும் எனக்காக மோந்து பாக்கறது இவதான். இவளத் தவிர இது ஒருத்தருக்கும் தெரியாது."

டொராத்தாவின் கை பென்னியின் நெற்றியில் நின்றது.

மார்லிஸ் கிழவரின் கையிலிருந்து ஸ்டிக்கை வாங்கி ட்ரீனாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாத்துச் சொல்லு. காலையில சொன்னியே, அத இவங்க முன்னால சொல்லு."

ட்ரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கை தன்னையறியாமல் பேன்ட் பையின்மேல் போய் அழுந்தியது. "ஏத்தத்துலயே நின்னுடும்னு நெனச்சேன்டி" என்றாள், மெல்ல. "இறக்கம்வரைக்கும் வராதுன்னு நெனச்சேன். சொன்னா நீ என்னய வண்டியிலருந்தே எறக்கி விட்டிருப்ப."

"ஆமா. எறக்கித்தான் விட்டிருப்பேன். ரேடாரோட சேத்து."

மார்லிஸ் ஸ்டிக்கைத் துடைத்து அதன் குழாயில் திரும்பச் செருகினாள். புருஷன் போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவனை அவள் இவ்வளவு நம்பியதே கிடையாது.

வெர்லின் பானெட்டை இறக்கி மூடினார். பென்னிக்கு மருத்துவர் பார்க்க வேண்டும், எங்கள் டிரெய்லரில் இடம் இருக்கிறது, ஏற்று என்றார். ட்ரீனாவைப் பார்த்து, நீ உன் குதிரையை இறக்கிக்கொண்டு இங்கேயே இரு, இழுவை வண்டியை அனுப்புகிறேன், கருக்கின வண்டிக்கு நீ காவல் இரு என்று மட்டும் சொன்னார். ரேடார் சரளையில் ஒழுங்காக நடந்து இறங்கியது. எந்தக் காலும் நொண்டவில்லை.

மார்லிஸ் பென்னியை நடத்திக்கொண்டு போய் ஹாஸ்கெலின் டிரெய்லரில் ஏற்றிக் கட்டினாள். வழியில் கொறிக்க வேண்டுமே என்று தன் டிரெய்லரிலிருந்து வைக்கோல் வலையை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். டொராத்தா கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். நல்ல மனுஷி அவள். இவ்வளவு நேரம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, குட்டிகளைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. வலையை மாட்டப் போனவள் நின்றாள். யோசிக்காமல்தான் செய்தாள் என்று தோன்றியது. வலைக்குள் விரலை விட்டு ஒரு பிடி உருவி, மூக்கருகே வைத்து, மோந்து பார்த்தாள்.

மார்லிஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாதான் இருக்கு" என்றாள் டொராத்தா.

காலையில் ட்ரீனா சொன்ன அதே வார்த்தை. மார்லிஸ் தலையை ஆட்டினாள். டொராத்தா வலையை மாட்டினாள். பென்னி ஒரு வாய் இழுத்து மெல்லத் தொடங்கியது. மார்லிஸ் வண்டியில் ஏறவில்லை. மெல்லுகிற அந்த வாயையே வெகுநேரம் பார்த்தபடி நின்றாள்.